அந்த நாட்டுக்காரர்களுக்கு மூளை கம்மியா?

பல நாடுகளில் எடுக்கப்படும் கருத்துக்கணிப்புகளின் தரவைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. குழுவில் பிரிட்டன், போலந்து, பிரேசில், ஜெர்மனி என்று கலந்துகட்டி ஆட்கள் இருப்பார்கள். எந்த நாட்டில் தேர்தல் முடிந்தாலும் அந்த நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்திலேயே கிடைப்பார். அவரிடம் மற்றவர்கள் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விதான்: "உங்க ஜனங்களுக்கு என்ன ஆச்சு? மூளையைக் கழற்றி வெச்சுட்டாங்களா?"

2016 ஜூனில் பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் வெளியேறுவது பற்றிய வாக்கெடுப்பின் முடிவு வந்தபோது பிரிட்டிஷ்காரர் மாட்டினார். நவம்பரில் ட்ரம்ப் ஜெயித்தபோது அமெரிக்கர்கள். 2018-ல் போல்சனாரோ ஜெயித்தபோது பிரேசில்காரர். முறை வைத்ததுபோல் எல்லோருக்கும் கிடைத்தது. கேட்பவர்கள் மோசமானவர்கள் இல்லை. மதம், நிறம் பற்றியெல்லாம் ஒரு வார்த்தை தவறிப் பேச மாட்டார்கள். பிடிக்காத தேர்தல் முடிவு வந்தால் மட்டும், ஒரு முழு நாட்டையும் முட்டாள் என்று சொல்ல அனுமதிச்சீட்டு கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இந்தப் பேச்சுகளுக்கு நடுவில் நெடுநாள் உட்கார்ந்திருந்ததில் எனக்குப் பிடிபட்டவற்றை எழுதுகிறேன். இதே மாதிரி வாக்குவாதத்தில் சிக்கித் தவிப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் அந்த வரைபடம். ஐ.க்யூ. (அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்) அளவின்படி நாடுகளுக்கு வண்ணம் தீட்டிய உலகப்படம். சில மாதங்களுக்கு ஒருமுறை யாராவது ஒருவர் குழுவில் பகிர்வார். கிழக்கு ஆசியா ஒரு கோடி, ஆப்பிரிக்கா மறு கோடி. உடனே இரண்டு கட்சி பிரியும். ஒன்று "இது இனவெறி" என்று கத்தும், இன்னொன்று "எண்ணைப் பார்த்தால் ஏன் கோபம் வருகிறது?" என்று கேட்கும். இரண்டு பேச்சும் எங்கும் போய்ச் சேராது. நான் செய்வது வேறு. வரைபடத்தை மொத்தமாக எதிர்க்க மாட்டேன். "ஒரே ஒரு நாட்டை எடு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடு" என்பேன்.

ஒருமுறை இப்படித் தேடியபோது ஆப்பிரிக்காவின் சின்ன நாடான எக்குவடோரியல் கினியில் போய் நின்றோம். இந்த வரைபடங்களில் பலவற்றுக்கு மூலம் 2002-ல் ரிச்சர்ட் லின்னும் டாட்டு வான்ஹானனும் வெளியிட்ட ஒரு நூல். அதில் 185 நாடுகளுக்கு ஐ.க்யூ. கொடுத்திருக்கிறார்கள். சோதனைத் தரவு இருந்தது 81 நாடுகளுக்குத்தான். மிச்சமெல்லாம் அக்கம்பக்கத்து நாடுகளின் எண்ணை வைத்துப் போட்ட மதிப்பீடு. எக்குவடோரியல் கினிக்குத் தரப்பட்ட 59 என்ற எண், ஸ்பெயினில் வளர்ச்சிக் குறைபாடுள்ள சிறுவர்களுக்கான ஓர் இல்லத்தில் எடுத்த சோதனையிலிருந்து வந்தது. எத்தியோப்பியாவுக்கான எண், இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து கொஞ்ச காலமே ஆன பிள்ளைகளிடம் எடுத்தது.

வரைபடத்தைப் பகிர்ந்த நண்பர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அந்த நாட்டில் இதை யாரும் எடுக்கவே இல்லையா?" என்றார். எடுக்கவில்லை. எங்கள் வேலையில் யாராவது இப்படி ஒரு மாதிரியை (சாம்பிளை) கொண்டுவந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். இது அவருக்கே தெரியும், ஏனென்றால் மாதிரி எடுப்பதுதான் அவருடைய துறை. நாள் முழுக்கத் தரவைச் சந்தேகிக்கும் ஆள், தனக்குப் பிடித்த வண்ணத்தில் வந்ததைச் சந்தேகிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஆட்டத்துக்கு வயதும் அதிகம். 1913 வாக்கில் ஹென்றி கோடார்ட் என்ற உளவியலாளர், நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குச் சோதனை வைத்தார். யூதர்களில் 83 சதவீதமும் ஹங்கேரியர்களில் 80 சதவீதமும் இத்தாலியர்களில் 79 சதவீதமும் 'மந்தபுத்தி' என்று 1917-ல் எழுதினார். வாரக்கணக்கில் கடலில் வந்தவர்களிடம், புரியாத நாட்டில், கையில் பென்சிலைத் திணித்து எடுத்த சோதனை. இன்று கணித மேதைகள் என்றால் ஹங்கேரியர்களையும் யூதர்களையும் சொல்லாமல் யாரும் பேச்சை முடிப்பதில்லை.

முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேருக்கு வைத்த சோதனையும் அப்படித்தான். அதில் ஒரு கேள்வி: "க்ரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா?" க்ரிஸ்கோ அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையல் கொழுப்பின் பெயர். நேற்று வந்து இறங்கிய சிசிலிக்காரருக்கு அது எப்படித் தெரியும்? இந்தத் தரவை வைத்துத் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் அறிவு குறைவு என்று 1923-ல் நூல் எழுதிய கார்ல் பிரிகாம், 1930-ல் தன் முடிவு ஆதாரமற்றது என்று தானே எழுதிவிட்டார். ஆனால் 1924-லேயே அந்த நாடுகளிலிருந்து வருவோரை வெட்டிக் குறைக்கும் குடியேற்றச் சட்டம் நிறைவேறிவிட்டது. திருத்தம் எப்போதுமே கடைசி பஸ்ஸில்தான் வருகிறது.

'நாட்டின் அறிவு' நிலையான ஒன்று என்று யாராவது அடித்துப் பேசினால் நெதர்லாந்து ராணுவத் தரவைச் சொல்வேன். 1952-க்கும் 1982-க்கும் இடையில் அந்த நாட்டு இளைஞர்களின் ஐ.க்யூ. மதிப்பெண் ஏறக்குறைய 20 புள்ளி கூடியது. இதைத் தொகுத்துக் காட்டியவர் ஜேம்ஸ் ஃப்ளின் என்ற ஆய்வாளர். முப்பது வருடத்தில் மரபணு மாறாது. பள்ளி, சத்துணவு, குடும்பத்தின் அளவு, வேலையின் தன்மை எல்லாம் மாறும். நார்வேயில் 1970-களின் நடுப்பகுதிக்குப் பிறகு பிறந்தவர்களிடம் மதிப்பெண் இறங்கியதும் பதிவாகியிருக்கிறது. அதுவும் ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளுக்கிடையிலேயே.

சரி, அமெரிக்கர்களுக்கு வருகிறேன். உலகம் முழுக்கக் கேலி செய்யத் தோதான ஆள் அவர்கள்தான். "நாலில் ஒரு அமெரிக்கன் சூரியன்தான் பூமியைச் சுற்றுதுன்னு சொல்றான்" என்பது எங்கள் ஜெர்மன் நண்பருக்கு மிகவும் பிடித்த வாக்கியம். அது உண்மைதான். 2012 ஆய்வில் 74 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதே கேள்வியை 2005-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் கேட்டபோது சரியாகச் சொன்னவர்கள் 66 சதவீதம். இதைக் காட்டியபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "கேள்வியைக் குழப்பமா கேட்டிருப்பாங்க." இருக்கலாம். அமெரிக்கனிடம் கேட்டதும் அதே கேள்விதானே?

பீசா தேர்விலும் இப்படி ஒரு வேடிக்கை. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.ஈ.சி.டி. 15 வயதுப் பிள்ளைகளுக்கு நடத்தும் அந்தத் தேர்வின் 2022 சுற்றில், அமெரிக்கப் பிள்ளைகள் கணக்கில் 465 எடுத்து சராசரிக்குக் கீழே போனார்கள். வாசிப்பில் 504 எடுத்து ஃபின்லாந்தையும் (490) ஜெர்மனியையும் (480) நெதர்லாந்தையும் (459) தாண்டினார்கள். இரண்டில் எது செய்தியாகும் என்பது, எழுதுகிறவர் முன்கூட்டியே எதை நம்புகிறார் என்பதைப் பொறுத்தது.

நம்மைப் பற்றிய முத்திரைக்கும் வர வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. இந்தியர் என்றால் கணக்கில் புலி. எந்தக் குழுவுக்குப் போனாலும் கூட்டல் கழித்தல் வேலை என் மேசைக்குத்தான் வரும். இது புகழ்ச்சியான முத்திரை என்பதால் நாம் யாரும் ஆட்சேபிப்பதில்லை, வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் வயது வந்த இந்திய வம்சாவளியினரில் நாலில் மூன்று பேர் அளவுக்குப் பட்டதாரிகள். விசா முறை சலித்து எடுத்து அனுப்பிய கூட்டம் அது. அதைப் பார்த்து ஒரு நாட்டையே எடை போடுகிறார்கள். இந்தியா பீசா தேர்வில் ஒரே ஒரு முறைதான் கலந்துகொண்டது. 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் எழுதி, 74 இடங்களின் பட்டியலில் 72, 73 என்று வந்தன. அதன்பின் 2012 முதல் 2022 வரை எந்தச் சுற்றிலும் இந்தியா இல்லை. 'இந்தியர்களுக்குக் கணக்கு இயல்பாக வரும்' என்று யாராவது என்னிடம் சொன்னால் இந்தத் தகவலை மெதுவாக எடுத்து வைப்பேன். அவர்கள் முகம் சுருங்கும். "அது தேர்வோட குறை, பிள்ளைங்களோட குறை இல்லை" என்று அவர்களே நம் சார்பில் வாதாடுவார்கள். அந்தச் சலுகையை எக்குவடோரியல் கினிக்கும் கொடுங்கள் என்பேன்.

இனி படிப்பும் ஓட்டும். இதில் ஒரு உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பிரெக்ஸிட்டில் பட்டதாரிகள் பெரும்பாலும் ஐரோப்பாவோடு இருக்கவே வாக்களித்தார்கள், பட்டம் இல்லாதவர்கள் பெரும்பாலும் வெளியேற. அமெரிக்காவிலும் 2016 முதல் பட்டம் ஒரு பெரிய பிளவுக்கோடு. ஆக, படிக்காதவன் முட்டாள், முட்டாள் பாப்புலிஸ்ட்டுக்கு ('மேட்டுக்குடிக்கு எதிராக மக்கள் பக்கம் நான்' என்று பேசும் தலைவருக்கு) ஓட்டுப் போடுகிறான், கணக்கு முடிந்தது என்கிறார்கள்.

எனக்கு இந்தக் கணக்கு ஒட்டவில்லை. பிரிட்டனில் 1960-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் போனவர்கள் இருபதில் ஒருவர் அளவில்தான். எழுபது வயதுக்காரரிடம் பட்டம் இல்லை என்பது அவர் பிறந்த வருடத்தைச் சொல்கிறது, மூளையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பட்டத்தோடு கூடவே வேறு பலவும் வருகின்றன: பெருநகரம், நிலையான வேலை, வெளிநாட்டு நண்பர்கள், வீட்டு விலை ஏறியதில் கிடைத்த லாபம். உலகமயத்தில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பதன் ரசீதாகவும் பட்டத்தைப் படிக்கலாம். 1950-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பிரான்சிலும் பட்டதாரிகள் வலதுசாரிக் கட்சிகளுக்குத்தான் அதிகம் ஓட்டுப் போட்டார்கள். இதை தாமா பிக்கெட்டி என்ற பொருளாதார அறிஞரும் சகாக்களும் பல நாட்டுத் தரவை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அப்போது 'படித்தவன் சரியாகத்தான் ஓட்டுப் போடுவான்' என்ற விதியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

பள்ளிக்கல்வி சிறந்தால் பாப்புலிசம் போய்விடும் என்பதும் நான் அடிக்கடி கேட்கும் ஆறுதல். ஃபின்லாந்துப் பள்ளிகளைப் பார்க்க உலகமே சுற்றுலா போனது. 2023 தேர்தலில் அங்கே பாப்புலிஸ்ட் கட்சியான ஃபின்ஸ் கட்சி 20 சதவீத வாக்கோடு இரண்டாவதாக வந்து ஆட்சியிலும் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் அதே வருடம் மக்கள் கட்சி சுமார் 28 சதவீதத்தோடு முதலிடம். நெதர்லாந்தில் வில்டர்ஸ் கட்சி 150-ல் 37 இடம் பிடித்து முதலில் வந்தது. தலைவர்களைப் பாருங்கள்: பிரிட்டனின் போரிஸ் ஜான்சன் ஆக்ஸ்ஃபோர்டு, ஹங்கேரியின் ஓர்பான் ஆக்ஸ்ஃபோர்டில் கொஞ்ச காலம், அமெரிக்காவின் ஜே.டி. வான்ஸ் யேல், ஜெர்மனியின் ஆலிஸ் வைடல் பொருளாதாரத்தில் முனைவர். வைடலின் ஏ.எஃப்.டி. கட்சி 2013-ல் தொடங்கியபோது அதன் பட்டப்பெயரே 'பேராசிரியர்கள் கட்சி'. இன்னும் பின்னால் போனால் மனசு கனக்கும். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1931-ல், ஜெர்மன் மாணவர் பேரவையின் தலைமை நாஜி மாணவர் அமைப்பின் கைக்குப் போய்விட்டது. யூத அழிப்பை ஒருங்கிணைக்க 1942-ல் பெர்லினின் வான்ஸேயில் கூடிய 15 பேரில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் முதல் நாளே ஒரு கணக்கு கொடுப்பேன். டான் கஹன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர் 2013-ல் 1,111 அமெரிக்கர்களிடம் பயன்படுத்தியது. தோல் தடிப்புக்கு ஒரு க்ரீம். பூசியவர்களில் 223 பேருக்குக் குறைந்தது, 75 பேருக்கு மோசமானது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குறைந்தது, 21 பேருக்கு மோசமானது. க்ரீம் பலன் தருகிறதா?

பெரும்பாலோர் 223-ஐப் பார்த்து "தருகிறது" என்பார்கள். விகிதம் போட்டால், பூசியவர்களில் நாலில் மூன்று பேருக்குக் குணம், பூசாதவர்களில் ஆறில் ஐந்து பேருக்கு. சும்மா இருந்திருந்தாலே நல்லது. கணக்குத் தெரிந்தவர்கள் இதைப் பிடித்துவிடுவார்கள். அதே எண்களை 'துப்பாக்கிக்குத் தடை போட்ட நகரங்கள், போடாத நகரங்கள், குற்றம் கூடியதா குறைந்ததா' என்று தலைப்பு மாற்றிக் கொடுத்தார்கள். விடை தன் கட்சிக்குப் பிடிக்காததாக இருந்தால், கணக்குத் தெரிந்தவர்களே கோட்டை விட்டார்கள். பிடித்த விடையாக இருந்தால் விகிதம் போட்டுக் கண்டுபிடித்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களிடம் இந்தப் பிளவு இன்னும் பெரிதாக இருந்தது. வேறு நாடுகளில் திருப்பிச் செய்தபோது இந்தக் கடைசி முடிவு அதே வலுவோடு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பகுதி, அதாவது பிடித்த விடை கணக்கை வளைக்கிறது என்பது, என் பயிற்சி வகுப்பிலேயே தெரியும். க்ரீமை நொடியில் முடித்தவர், தலைப்பைக் குடியேறிகளும் குற்றமும் என்று மாற்றினால் தடுமாறுவார். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி. வாதத்தில் எதிராளியை மட்டம் தட்டத் தோன்றும்போதெல்லாம், இந்த அட்டவணையை முதலில் எனக்கு நானே போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

அப்புறம், ஓட்டுப் போட்ட ஆட்களிடமே பேசுவது. எங்கள் பிரிட்டிஷ்காரரின் அண்ணன் வெளியேறும் பக்கம் வாக்களித்தவர். ஒருநாள் வீடியோ அழைப்பில் நீண்ட நேரம் பேசக் கிடைத்தார். வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்குப் போகிறது என்று பிரச்சாரப் பேருந்தில் எழுதியிருந்தார்களே, பிரிட்டனுக்குக் கிடைக்கும் தள்ளுபடியைக் கழிக்காத எண் அது, நாட்டின் புள்ளிவிவர ஆணையமே தவறாக வழிநடத்துவது என்றதே என்று நான் ஆரம்பித்தேன். அவர் அசரவில்லை. "தெரியும். 35 வேண்டாம், 25 கோடின்னே வெச்சுக்கோங்க. அது மட்டும் யார் பணம்?" என்றார். பொருளாதார அறிஞர்கள் எச்சரித்தார்களே என்றேன். "2008-ல வங்கியெல்லாம் விழுந்தப்போ அவங்க எங்க எச்சரிச்சாங்க?" என்றார். அவர் சொன்ன சிலவற்றோடு எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் அந்த ஆளிடம் அறிவு குறைவு என்று சொல்ல, நமக்குத்தான் அறிவு குறைவாக இருக்க வேண்டும். அவரிடம் இல்லாமல் போனது நம்பிக்கை, அதுவும் சில குறிப்பிட்ட ஆட்கள் மேல், சில குறிப்பிட்ட வருடங்களில்.

இங்கே எங்கள் தொழிலில் பழகிய ஒரு உத்தி உதவியது. "ஏன் அப்படி ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டால் எல்லோரும் வக்கீலாகிவிடுவார்கள், நியாயம் பேசுவார்கள். "எப்போ முடிவு பண்ணீங்க? அந்தச் சமயத்துல என்ன நடந்துட்டு இருந்துச்சு?" என்று கேட்டால் கதை வரும். அண்ணனின் கதையில் மூடிய தொழிற்சாலை ஒன்று வந்தது, மகனுக்குக் கிடைக்காத வாடகை வீடு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் கடைசியில்தான் வந்தது.

ஆளை முட்டாள் என்பதில் நடைமுறை நஷ்டமும் உண்டு. 2016 செப்டம்பரில் ஹிலாரி கிளின்டன் ட்ரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை 'இழிவானவர்களின் கூடை' என்றார். சில நாளிலேயே ஆதரவாளர்கள் அதைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். அதே வருடம் நெவாடாவில் ஜெயித்த இரவு ட்ரம்ப், இளைஞர், முதியவர், அதிகம் படித்தவர், குறைவாகப் படித்தவர் என எல்லோரிடமும் ஜெயித்தோம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "குறைவாகப் படித்தவர்களை நேசிக்கிறேன்" என்றார். உலகம் அதைக் கேட்டுச் சிரித்தது. சிரித்தவர்கள் யார், நேசிக்கிறேன் என்றவர் யார் என்பதை அந்தக் குறைவாகப் படித்தவர்கள் குறித்துக்கொள்ளாமலா இருந்திருப்பார்கள்?

அறியாமை இல்லை என்று நான் சொல்லவில்லை. 2014-ல் இப்ஸோஸ் நிறுவனம் கேட்டபோது தங்கள் நாட்டில் குடியேறிகள் 30 சதவீதம் என்று இத்தாலியர்கள் நினைத்தார்கள், உண்மையில் 7. அமெரிக்கர்கள் 32 என்றார்கள், உண்மையில் 13. கேட்ட நாடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தடுக்கி விழுந்தன. ஒரு ஓட்டால் முடிவு மாறாது என்று தெரிந்தவர், வேலை முடிந்து வந்து புள்ளிவிவரம் படிக்க மாட்டார். இது எல்லா நாட்டுக்கும் பொது.

இப்போது எங்கள் குழுவில் ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறோம். தேர்தல் முடிவு பற்றிப் பேசும்போது நாட்டின் பெயரை எழுவாயாக வைத்துப் பேசக்கூடாது, எண்ணைச் சொல்ல வேண்டும். 'பிரிட்டிஷார் வெளியேறினார்கள்' என்றால், சுமார் 4.65 கோடி வாக்காளர்களில் 1.74 கோடி பேர். 'அமெரிக்கர்கள் ட்ரம்பைத் தேர்ந்தெடுத்தார்கள்' என்றால், 2016-ல் பதிவான வாக்கில் 46 சதவீதம், எதிர்த்தவருக்கு 48. எண்ணைச் சொன்ன பிறகு 'முட்டாள்' என்று சொல்ல வாய் வராது என்றில்லை, வரும். எத்தனை பேரைச் சொல்கிறோம் என்பதாவது தெளிவாக இருக்கும்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் போலந்துத் தோழி. ஜோக்கில் கேலி செய்ய, பிரெஞ்சுக்காரருக்கு பெல்ஜியக்காரர், ஸ்வீடன்காரருக்கு நார்வேக்காரர், இந்தியாவில் சர்தார்ஜி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அசட்டு அண்டைவீட்டார் உண்டு. அமெரிக்காவில் அந்த இடம் நெடுங்காலம் போலந்து வம்சாவளியினருக்கு. அதனால் அவருக்கு இதெல்லாம் பழகிய விஷயம். 2015-லும் 2019-லும் போலந்தில் 'சட்டமும் நீதியும்' என்ற வலதுசாரிக் கட்சி ஜெயித்தபோது எல்லோரும் அவரிடம் துக்கம் விசாரித்தார்கள். 2023-ல் 74 சதவீத வாக்குப்பதிவோடு அந்தக் கட்சி ஆட்சியை இழந்தபோது, "போலந்து மக்கள் எவ்வளவு விவரமானவர்கள்!" என்று கை குலுக்கினார்கள். அப்போதும் 35 சதவீத வாக்கோடு முதலில் வந்தது அதே கட்சிதான். 2025 ஜூனில் அந்தக் கட்சி ஆதரித்த நவ்ரோட்ஸ்கி, ஏறத்தாழ 3.7 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். மறுநாள் காலை பிரேசில்காரர் தயங்கித் தயங்கித் தோழியின் பக்கத்தில் போய் நின்றார். தோழி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கேட்காதே. எங்க நாட்டுக்கு மூளை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து வந்து போகுதாம்."